தொண்ணூற்றெட்டு வினாடி

பிப்ரவரி. அலுவலக ஹீட்டர் இருமிக்கொண்டே இருக்கிறது.
கதவைத் தள்ளிக்கொண்டு பனியோடு வந்தார்கள்
லோரெட்டா க்ராலும் மகன் டோபினும்.
அவள் கையில் காப்பீட்டுப் புதுப்பிப்புக் கடிதம்,
நான்காய் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தது.
"இதில் ஏதோ பிழை" என்றாள்.

பிழையில்லை.
அக்டோபர் பதினொன்று, நெப்ராஸ்காவின் முப்பதாம் நெடுஞ்சாலை,
அறுபத்தைந்து மைலில் போக வேண்டிய இடத்தில் எண்பத்தொன்று.
ஓட்டியவர் வயது பத்தொன்பது.
அந்தப் பத்தொன்பதை மட்டும்
எங்கள் கணினி கொஞ்சம் உரக்கப் படிக்கும்.

"அபராதம்தான் கட்டிட்டேனே" என்றான்.
கட்டியிருக்கிறான், தபாலில்.
ரசீதை எடுத்துக் காட்டினான்,
நனைந்து காய்ந்து ஊதா மை பரவியிருந்தது.
எல்லோரும் அதோடு தீர்ந்தது என்றுதான் நினைக்கிறார்கள்.
அது அரசாங்கத்துக்கு.
இது எங்களுக்கு.
'எங்களுக்கு' என்று கூசாமல் சொல்ல
எனக்குப் பதினாறு வருடம் பிடித்தது.

மாதம் அறுபத்தொரு டாலர் கூடும்.
மூன்று வருடம்.

ஏன் அத்தனை வேகம் என்று கேட்க
படிவத்தில் கட்டம் கிடையாது.
கேட்டேன்.
டயர்க்கடை கறுப்பேறிய நகத்தைப் பார்த்தபடி
நிஜமாகவே யோசித்தான்.
"ரோடு காலியா இருந்தது."

அவசரமில்லை, பந்தயமில்லை, பக்கத்தில் பெண்ணுமில்லை.
சோளம் அறுத்த வயல் இருபுறமும்,
ஒன்பது மைலுக்கு ஒரு வளைவு கிடையாது,
வானம் இறங்குகிற இடம்வரை ஆளே இல்லை,
தானியக் கிடங்கின் நிழலில் நின்ற
ஷெரீஃப் வண்டியைத் தவிர.

ஒரு கருவி இருக்கிறது என்றேன்,
வண்டியில் செருகினால் பிரேக் மிதிப்பதை எண்ணும்,
ஒழுங்காய் ஓட்டினால் கொஞ்சம் குறையும்.
"என் வண்டிக்குள்ள ஒரு ஒற்றனா?" என்றாள் லோரெட்டா.
அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்தேன்.
விலக்கப்பட்ட ஓட்டுநர்.
*கீழே பெயர் குறிப்பிடப்பட்டவர் இவ்வாகனத்தை
எச்சூழலிலும் ஓட்டமாட்டார்.*
பெயர்: டோபின் க்ரால். உறவு: மகன்.

"எந்தச் சூழலிலுமா?"
"எந்தச் சூழலிலும்."
"எனக்கு நெஞ்சு வலிச்சா?"
"ஆம்புலன்ஸ்."
"எங்க வீட்டுக்கு அது வர நாற்பது நிமிஷம்."

என்னிடம் அதற்குப் பதில் இல்லை.
விசைப்பலகையைத் துடைத்தேன்.

"கையெழுத்துப் போடும்மா. நான் சைக்கிள்ல போய்க்கிறேன்."
"பிப்ரவரியிலா?"
"மார்ச் வரும்ல."

பேனாவின் சங்கிலி குட்டை.
அவள் குனிந்துதான் கையெழுத்திட வேண்டியிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
பழக்க தோஷத்தில் ஓட்டுநர் பக்கம் போய்விட்டான்,
கைப்பிடியில் கை வைத்தபின் நினைவு வந்தது.
சாவியை வண்டிக் கூரைக்கு மேலாக எறிந்தான்.
அவள் இடது கையால் பிடித்தாள், அதற்கே பழகியவள் போல.

பிறகு லோரெட்டா க்ரால்,
முப்பத்தோரு வருடமாய் மாசற்ற பதிவு,
பின்னால் பாராமல் ரிவர்ஸ் எடுத்து,
நிறுத்தக் குறியில் நிற்காமல் உருண்டு,
இருபத்தைந்து எழுதிய தெருவில்
நாற்பதுக்குக் குறையாமல் பனியைச் சீறிக்கொண்டு போனாள்.
கோபம் அவளுடையது, நியாயமும்தான்.
என் திரையில் ஒன்றும் மாறவில்லை.

மதியம் சாண்ட்விச் சுற்றிய தாளில் கணக்குப் போட்டேன்.
ஒன்பது மைல். அறுபத்தைந்துக்குப் பதில் எண்பத்தொன்று.
மிச்சமாவது தொண்ணூற்றெட்டு வினாடி.
கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால்
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு டாலர்.
வகுத்தேன்.
வினாடிக்கு இருபத்திரண்டு டாலர் சொச்சம்.
எனக்கு ஒரு மணி நேரத்துக்கு இருபது.

அந்தத் தொண்ணூற்றெட்டையும்
ஷெரீஃப் ஜன்னலைத் தட்டி வாங்கிக்கொண்டிருப்பார்.

வெண்ணெய் ஊறி எண்கள் கண்ணாடியாகிக்கொண்டிருந்தன.
தொலைபேசி அடித்தது.
யாரோ ஒரு அப்பா,
மகளுக்கு இன்றுதான் உரிமம் கிடைத்ததாம்,
குரலில் அவ்வளவு சந்தோஷம்.
வயது கேட்டேன்.